கிளட்ச்சை மெதுவாக விட்டிருந்தால்

முதல் உலகப் போர் ஏன் வந்தது என்று யாரைக் கேட்டாலும் நாலைந்து காரணம் சொல்வார்கள். வில்லாபுரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ரிவர்ஸ் அண்ணன் ஒரே காரணம்தான் சொல்வார்: கிளட்ச்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஸ்கூல் போர்டில் இருக்கிறது. வெயிலில் வெளுத்துவிட்டதால் யாரும் படித்ததில்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், ஸ்டீயரிங்கைத் தொட விடுவதற்கு முன்பே அவர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். ஆஸ்திரியா இளவரசரின் டிரைவர் தப்பான தெருவுக்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். தெரு மாறிப் போச்சு, பின்னால் எடு என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள். அவர் ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தார், வண்டி நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான்.

"மத்ததெல்லாம் நீங்க பேப்பர்ல போடுற விசயம் சார்" என்றார், நான் நாளிதழில் வேலை பார்ப்பது தெரிந்து. "அந்த ஆளு நம்மகிட்ட பத்து நாள் வந்திருந்தா அம்புட்டுப் பேரும் பொழச்சிருப்பாங்க."

ஆகவே அவர் ஸ்கூலில் பாடம் பின்னாலிருந்துதான் தொடங்கும். முதல் நான்கு நாள் ரிவர்ஸ் மட்டும். காலை ஆறரை மணிக்கு எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று தெருத்தெருவாகப் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும். வண்டியை விரட்ட எந்தப் பக்கம் ஓடுவது என்று குழம்பிய நாய்கள் கடைசியில் விரட்டுவதையே விட்டுவிட்டன. ஐந்தாம் நாள் முன்னால் ஓட்டச் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. லைசென்ஸ் தேர்வில் "வண்டிய எடுங்க" என்று அதிகாரி சொன்னதும், அண்ணனின் மாணவர் ஒருவர் பின்னால் எடுத்து, மைதானத்தின் கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் கச்சிதமாக நிறுத்தினாராம். அந்தக் கச்சிதத்துக்காகவே அதிகாரி பாஸ் போட்டார் என்பது அண்ணன் தரப்பு. நான் விசாரித்த வரையில் அப்படி இல்லை.

என்னோடு கற்றுக்கொண்டவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். இந்தப் போரை முப்பது வருடம் வகுப்பில் நடத்தியவர் என்பதால் கிளட்ச்சை அவரால் ஏற்க முடியவில்லை. இரண்டு பக்கமும் நாடுகள் கூட்டணி சேர்ந்து ஆயுதம் குவித்து உட்கார்ந்திருந்ததைப் பின் சீட்டிலிருந்து விளக்குவார்.

"அந்த டிரைவர் ஒழுங்கா போயிருந்தாலும் வேற எங்கயாவது வெடிச்சிருக்கும் தம்பி."

"அது வேற டிரைவர் கேசு வாத்தியாரே. அத அப்பப் பாத்துக்கலாம்."

இந்த வாதம் தினமும் நடக்கும். வாத்தியாருக்கு ஓட்டிக்கொண்டே பேச வராது. அதனால் அவர் முறை வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் கிளட்ச் கட்சி ஜெயித்துவிடும்.

அண்ணனுக்குச் சொந்தமாகவே ஒரு போர் இருந்தது எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன் பேரையூரில் அவருடைய தங்கையின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அண்ணன் காரில் சீர்த்தட்டுகளோடு மண்டப வாசலுக்குப் போனார். அங்கே ஃபிளெக்ஸ் அடித்தவர் படங்களை மாற்றிப் போட்டிருந்தார். 'தாய்மாமன்' என்ற எழுத்து மச்சானுடைய சித்தப்பா மகனின் படத்துக்குக் கீழே இருந்தது. அண்ணன் படத்துக்குக் கீழே 'மற்றும் உறவினர்கள்' என்று இருந்தது. அண்ணன் இறங்கவே இல்லை. அப்படியே ரிவர்ஸ் எடுத்தார். தெருக்கோடி வரை ஒரே ரிவர்ஸ், எங்கும் உரசவில்லை என்று அதை எங்களிடம் பெருமையாகத்தான் சொன்னார். குழந்தை வேறு யார் மடியிலோ உட்கார்ந்தது.

அதன் பிறகு கூட்டணிகள் அமைந்தன. அந்த ஃபிளெக்ஸைக் கண்ணால்கூடப் பார்த்திராத உசிலம்பட்டிப் பங்காளிகள் அண்ணன் பக்கம் சேர்ந்தார்கள். பேரையூர்ச் சம்பந்திகள் மச்சான் பக்கம். துக்க வீட்டுக்குக்கூட ஒரு தரப்பு காலையிலும் மறு தரப்பு மாலையிலும் போனது. இரண்டு பக்கமும் உறவான ஒரு குடும்பம் நடுநிலை வகித்தது. அவர்களை யாரும் எதற்கும் அழைப்பதில்லை. இதையெல்லாம் கேட்ட வாத்தியார், பாடப்புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக இல்லை என்றார்.

ஒரு நாள் வகுப்பு நடுவில் அண்ணனின் போனுக்குத் தங்கையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆறு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. "ஞாயித்துக்கிழம சின்னவளுக்குக் காதுகுத்துண்ணே. மாமன் மடியிலதான் உக்காருவேன்னு நிக்கிறா. இந்தத் தடவையாச்சும் வாண்ணே." ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்லி அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. அவர் போகக் கூடாது என்று பங்காளிகள் முடிவெடுத்துவிட்டதாக மறுநாள் சொன்னார். அதற்கடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை ஹைவே கிளாஸ் என்று அறிவித்தார்.

அப்படி ஒரு கிளாஸே கிடையாது. அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்தார். நான் ஓட்டினேன், பக்கத்தில் அவர், பின்னால் வாத்தியார். திருமங்கலம் தாண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் டிக்கியில் சீர்த்தட்டுகள் குலுங்கின.

மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் இருந்தது. இந்த முறை அவர்கள் எந்த வம்பும் வைத்துக்கொள்ளவில்லை. அதில் அண்ணன் படம் ஒன்றுதான் இருந்தது. காது குத்தப்போகும் குழந்தையின் படம்கூட இல்லை. ஆனால் அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மச்சானையும் அவர் ஆட்களையும் பார்த்தார்.

"சார், ரிவர்ஸ் போடுங்க" என்றார்.

போட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆனது. ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். பண்ணினேன், மறுபடியும் குலுக்கி ஆஃப் ஆனது. அதற்குள் மஞ்சள் பூசிய கை ஒன்று அவர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துவிட்டது.

"அன்னைக்கும் இப்பிடி ஆஃப் ஆயிருந்தா என்னண்ணே?" என்றார் தங்கை. அவருக்கு மூச்சு வாங்கியது. "தெருக்கோடி வரைக்கும் ஓடியாந்தேன். எட்டிப் பிடிக்க முடியல."

அந்தப் போரைத் தவிர்த்திருக்கவே முடியாது என்று முப்பது வருடம் பாடம் நடத்திய வாத்தியார் முதல் ஆளாக இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். மச்சான் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு வந்து ஒரு தட்டைத் தூக்கினார்.

குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதது. குத்தி முடித்ததும் அவர் மீசையைப் பிடித்து இழுத்துப் பழி தீர்த்துக்கொண்டது. இதற்கிடையே உசிலம்பட்டியிலிருந்து போன் மேல் போன். கிளாஸ்ல இருக்கேன் என்று அண்ணன் சொன்னபோது பின்னால் மேளம் அடித்தது.

திரும்பும் வழியில் திருமங்கலம் வரை என்னைத் திட்டினார். "நாலு நாளு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார். கிளட்ச்ச அப்பிடியா பொசுக்குன்னு விடுவாங்க? அதுவும் ரெண்டு தடவை." தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவரிடம் கற்றுக்கொண்டவர் யாருக்கும் ரிவர்ஸில் வண்டி ஆஃப் ஆனதில்லை. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.