எட்டு யார் கம்பளியில் ஒரு வம்சம்

வம்சக்காரர் என்று லண்டனில் ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது கஷ்டமல்ல. உங்கள் தேநீர் ஆறுவதற்குள் அவர்களுடைய பூட்டனார் உங்களுக்கு அறிமுகமாகிவிடுவார். பூட்டனார் ஓரிடத்தில் நிற்கவும் மாட்டார். நண்பர் யோகராஜாவின் பூட்டனார், என் குறிப்பேட்டின்படி, 1984 மார்ச்சில் மணியகாரர். 1987 தைப்பொங்கலன்று அரசனின் மந்திரி. 1990இல், கோலியர்ஸ் வுட்டில் ஒரு கலியாண வீட்டில், அந்த மந்திரிக்கே புத்தி சொன்னவர். உயிரோடிருப்பவர்களுக்கு இப்படிப் பதவி உயர்வு கிடைக்கிறதா?

1993இல் அவருடைய மகள் சிவகௌரி ஒரு வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். “குடும்பம் தெரியாத இடத்திலை சம்பந்தம் செய்யேலாது” என்றார் யோகராஜா. ஏழு மாதம் மகளோடு பேச்சில்லை.

பிறகு மனைவி கமலாம்பிகை ஒரு சேதி கொண்டுவந்தார். “பொடியன்ரை தகப்பன் ஸ்கொட்லாந்து வம்சமாம். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் போட்ட கம்பளி இருக்காம். கலியாணத்துக்கு அதைத்தான் இடுப்பிலை கட்டிக்கொண்டு வருவாராம்.”

யோகராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப எங்கடை கட்டம் எது?”

“பாவாடையோ கட்டப்போறியள்?”

மறு சனிக்கிழமை அவர்கள் இருவரும் நானுமாக ஒரு ஸ்கொட்லாந்துக் கம்பளிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெயர்ப்பட்டியலைப் புரட்டிவிட்டு, குலமில்லாதவர்கள் உடுக்கவும் பொதுவான கட்டங்கள் உண்டு என்றார். பொதுவா! அந்தச் சொல் போதாதா? அங்கேயே பூட்டனாருக்கு நான்காவது உத்தியோகம் கிடைத்தது: தேயிலைத் தோட்டத்தில் ஒரு ஸ்கொட்லாந்துத் துரையின் கிளாக்கர்.

“துரை அவரைத் தன்ரை பிள்ளை மாதிரி வைச்சிருந்தவர், அண்ணை” என்றார் யோகராஜா என்னிடம்.

“உங்கடை பூட்டன் இன்னும் பென்சன் எடுக்கேல்லையோ?” என்றார் கமலாம்பிகை.

துரையின் குலத்துக் கட்டத்தில், சிவப்பும் பச்சையுமாக, எட்டு யார் நீளக் கம்பளி வெட்டப்பட்டது.

கலியாணப் பதிவு ஸ்ட்ரெதத்தில், பன்னிரண்டு மணிக்கு. வாசலில் மாப்பிள்ளையின் தகப்பன் யோகராஜாவின் இடுப்பைப் பார்த்தார், முகம் இறுகியது. அவரும் அதே வம்சக்காரர் இனம். பிறந்தது லண்டன் பக்கத்துக் குரோய்டன், ஸ்கொட்லாந்துக்குப் போனது இரண்டு விடுமுறைக்கு. முந்நூறு வருடத்துக்கு முன் அந்தக் கட்டத்துக்காரர்கள் தன் குலத்தின் மாடுகளைக் களவெடுத்தவர்கள் என்றும், அந்தக் கட்டத்தோடு ஒரே படத்தில் நிற்க முடியாதென்றும் ஆங்கிலத்தில் முழங்கினார். பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த சோடி வந்துவிட்டது.

“அப்பா, ப்ளீஸ்” என்றாள் சிவகௌரி. அவள் குரல் உடைந்துவிட்டது.

யோகராஜாவின் முகத்திலோ அப்படியொரு பூரிப்பு. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அவருடைய வம்சத்தை நம்பிவிட்டார்! கைகூப்பினார். தன் ஆட்களுக்காக மன்னிப்புக் கேட்டார். எத்தனை மாடு என்று பணிவாக விசாரித்தார்.

“நாற்பது.”

“எங்கள் பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று சொல்வார்கள்.”

சம்பந்தி இளகினார். இரண்டு பாவாடைகளும் கைகுலுக்கின. பன்னிரண்டு பத்துக்குச் சிவகௌரி கையெழுத்திட்டாள், தகப்பன் பக்கத்தில் நிற்க.

யோகராஜாவின் ஊரை நான் எங்கும் எழுதவில்லை. இவ்வளவு நேரம் சிரித்த நீங்கள், நடுவில் ஒரு தடவையாவது ‘இவர் எவடம்? ஆற்றை ஆக்கள்?’ என்று ஊரும் குலமும் தேடி யோசித்திருந்தால், கடைக்காரரிடம் இன்னுமோர் எட்டு யார் வெட்டச் சொல்லவா?