மாப்பிள்ளை பார்த்த வளையம்

விளாங்குடி, மதுரை
9-3-2005

மதிப்பிற்குரிய ஜெயக்கொடி அம்மாள் அவர்களுக்கு,

விளாங்குடி தமிழ்ச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரரும் சுகம். சிங்கப்பூரில் எங்கள் பையன் சோலையும் சுகம். உசிலம்பட்டியில் தாங்களும் பேயாண்டி அண்ணனும் மகள் தேவிகாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கொண்டுவந்த அதிரசம் நேற்று தீர்ந்தது. இனியும் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட எனக்குக் காரணம் இல்லை.

கம்ப்யூட்டரில் தேவிகாவைப் பார்த்து எங்கள் பையன் சம்மதம் சொல்லிவிட்டான் என்று அண்ணன் மண்டபம் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் தேவிகாவைப் பார்க்கவே இல்லை. அவன் பார்த்தது ஒரு கிரகத்தை. எந்தக் கிரகம் என்று கல்யாணக் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. வாரத்தின் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் புள்ளியியல் படித்தவள். கண்ணால் பார்க்காததை நம்புகிற பழக்கம் இல்லை. போன வருஷம் என் வீட்டுக்காரர் கப்பலூர்ப் பட்டறையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயில் கண்ணாடி பொருத்தி எனக்கு ஒரு தொலைநோக்கி செய்து தந்தார். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காகச் சோலை ஒரு வெப்கேமரா அனுப்பினான். அதன் லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு, அடியை வெட்டிய ஃபிலிம் ரோல் டப்பாவை அங்கே ஒட்டினால், தொலைநோக்கியில் கண் வைக்கிற ஓட்டையில் அது கச்சிதமாக உட்காரும் என்று எங்கோ படித்தேன். நம்பவில்லை. செய்து பார்த்தேன், உட்கார்ந்தது. லென்ஸைப் பெருங்காய டப்பாவில் போட்டுவைத்தேன். மாடியிலிருந்து ஒயரை இழுத்துக் கீழே கம்ப்யூட்டரில் சொருகினேன். முதல் மூன்று நாள் திரை முழுக்க வெறும் இருட்டு. நான்காம் நாள் ஓர் ஓரத்திலிருந்து அது மிதந்து வந்தது. சின்னதாக, மஞ்சளாக, வளையத்தோடு, கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மோதிரம் போல நெளிந்துகொண்டு. திண்டுக்கல் ரோட்டு பஸ் சத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. பூமி சுற்றுவதால் அது அரை நிமிஷத்தில் மறு ஓரம் வழியாகப் போய்விடும். மாடிக்கு ஓடிக் குழாயை மெல்ல நகர்த்தினால் திரும்ப வரும். ஆயிரம் படம் பிடித்தால் தொள்ளாயிரம் கலங்கல்தான். தெளிந்த நூறை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் நெளிசல் எல்லாம் அடங்கி, வளையம் அப்படியே நிற்கும். இருபத்தைந்து வருஷமாக ஆபீசில் சராசரி போடுகிறேன். சராசரி இம்புட்டு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் தாங்கள் ஏழுக்கே வந்துவிட்டீர்கள். நான் மாடியில் குழாயோடு இருந்தேன். கேமராவும் குழாயில்தான் இருந்தது. இது தெரியாமல் என் வீட்டுக்காரர் தேவிகாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பையனைக் கூப்பிட்டிருக்கிறார். பெண் பார்ப்பது எட்டு மணிக்குத்தானே, அதற்குள் அம்மா தன் கிரகத்தைக் காட்டுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அங்கே நடந்த பேச்சைத் தாங்களும் கேட்டீர்கள். எதைப் பார்த்துப் பேசினான் என்று தெரிந்துகொண்டு மறுபடி கேளுங்கள்.

"நல்லாத் தெரியுதாடா?"

"சூப்பரா இருக்குப்பா! வளையம் எம்புட்டுத் தெளிவா இருக்கு!"

உடனே அண்ணன் தொடையில் தட்டியிருக்கிறார்: "பாத்தீகளாண்ணே மாப்ள கண்ண! தோடுதான் போடுவேன்னு நின்னா. காதுக்கு வளையத்தப் போடு தாயின்னு சொன்னது நானு!"

"லேசா ஆடுதுப்பா."

"ஆடாம இரு தாயி."

"கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்கு. அதுதான் அழகே!"

"எத்தன வயசானாலும் அழகு அழகுதான்" என்று அவன் சொன்னபோது, "இருவத்தஞ்சுதான் மாப்ள முடிஞ்சிருக்கு" என்று அண்ணன் பதறியது அவனுக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், "அப்பப் பிடிச்சிருக்கா?" என்றார். "யாருக்குப்பா பிடிக்காது?" என்றான். கரண்ட் போய்விட்டது.

நான் இறங்கி வந்தபோது தாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். தேவிகா என் கையில் பூவைக் கொடுத்தாள். காரில் ஏறுமுன் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்தாள். சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சந்தோஷமாக வளையத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். சோலைக்குப் போன் போட்டேன். "பொண்ணா? வந்துட்டுப் போயிட்டாகளா? நா இன்னும் சட்டையே மாத்தலையேம்மா!" என்றான்.

தப்பு என்னுடையது. லென்ஸைத் திரும்பப் பொருத்திவிட்டேன், பெருங்காய வாசனை மட்டும் போகவில்லை. வரும் ஞாயிறு தேவிகாவை அழைத்து வந்தால் அவன் முறையாகப் பார்ப்பான். வேண்டாம் என்று தாங்கள் முடிவெடுத்தாலும் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. வருத்தம் இருக்கும். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தது என் மனசில் நிற்கிறது.

அண்ணனுக்கு என் வணக்கமும் தேவிகாவுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
தமிழ்ச்செல்வி

பி.கு: உறையை ஒட்டுமுன் தேவிகா போன் செய்தாள். "அத்தே, திரையில ஓரமா சின்னக் கட்டத்துல சனிதானே தெரிஞ்சுச்சு? நா பாத்துட்டேன். ஆடாம இருன்னு அப்பா சொன்னப்ப சிரிப்ப அடக்குறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிருச்சு. அவுக மொகத்த நா நல்லாப் பாத்துக்கிட்டேன், எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட மட்டும் சனின்னு சொல்லிறாதீங்க, கல்யாணமே நின்னுரும்." இதைச் சோலையிடம் சொன்னேன். "அவளும் பாத்தாளாம்மா?" என்றான். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. ஆகவே இந்தக் கடிதம் தங்களுக்கு வராது. பெருங்காய டப்பாவில் இடம் காலியாக இருக்கிறது. அண்ணன் மண்டபம் பேசி முடிக்கட்டும்.