பதினான்கு மாடியிலும் ஒட்டிய விளம்பரம்

மதிப்பிற்குரிய நெறியாளர் 'அரைப்புள்ளி' அவர்களுக்கு,

லிப்ட் பராமரிப்புக் கம்பெனி உரிமையாளர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, எங்களிடம் வேலை பார்க்கும் பதினோரு மெக்கானிக்குகள், எல்லோரும் நலம். எங்கள் பொறுப்பில் உள்ள அறுபத்திரண்டு லிப்ட்டுகளில் ஐம்பத்தொன்பது நலம். மற்ற மூன்றுக்கும் மெக்கானிக் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே தாங்களும், தங்கள் புரோகிராமர்கள் இணையக் குழுவும், அதன் பதினேழு விதிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பணிவு இத்துடன் முடிந்தது.

என் வேலை விளம்பரத்தை மூன்று முறை நீக்கிவிட்டீர்கள். இன்று காலை நான்காவது முறையாகப் போட்டிருக்கிறேன். அதையும் நீக்கினால் ஐந்தாவது முறை போடுவேன். முப்பத்தொரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்; நின்றுபோனதை மறுபடி கிளப்புவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஒரு விரலால் தட்டி என்னை நிறுத்திவிடலாம் என்று மனப்பால் குடிக்க வேண்டாம்.

என் நிலைமையை முதலில் கேளுங்கள். எங்கே லிப்ட் நின்றாலும் தகவல் எங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு புரோகிராமுக்கு வரும். அது பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கின் போனுக்குச் செய்தி அனுப்பும். அதை எழுதியவன் என் அக்கா மகன். பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "மாமா, கவலையே படாதீங்க, அது பாட்டுக்கு ஓடும்" என்றான். இப்போது அது பாட்டுக்குத்தான் ஓடுகிறது. போன மாதம் ஒரு பல் வைத்தியர் கட்டடத்தின் ஒற்றை லிப்ட்டுக்கு ஆறு மெக்கானிக்குகளை அனுப்பியது. அந்த லிப்ட்டில் ஏற முடிந்ததே நான்கு பேர். அவனுக்குப் போன் போட்டால், "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறான். அவன் மீட்டிங்கை விட்டு வெளியே வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதற்கிடையில், எங்கள் லிப்ட்டுகளில் பாதி இருக்கும் குடியிருப்பு வளாகத்தின் செயலாளர் அம்மா, "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலைன்னா ஒப்பந்தத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அது போனால் ஐந்து மெக்கானிக்குகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த ஐந்து பேர் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒருவரைக் கூட என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

புரோகிராமைச் சரி செய்ய ஆள் தேட, அக்கா மகன்தான் ஒரு மீட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே உங்கள் குழுவைப் பற்றிச் சொன்னான். முதல் விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கும். "ஆள் தேவை. அதிகபட்சம்: ஒருவர். அனுபவமற்றவர்கள் தனியாக வரக் கூடாது. அவசரத்துக்குக் கீழ்க்கண்ட எண்ணை அழுத்தவும்." லிப்ட்டுக்குள் ஒட்டுகிற அறிவிப்பைத் தவிர நான் வேறு எதை எழுதியிருக்கிறேன்? அறிவிப்பு என்றால் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுவது எங்கள் வழக்கம். மூன்றாம் மாடிக்காரர் ஏழாம் மாடிக்கு ஏறிப் போய்ப் படிப்பாரா? உங்கள் குழுவில் பதினான்கு அறைகள் இருந்தன, பதினான்கிலும் ஒட்டினேன். பூனைப் படம் போடும் அறையில் ஒட்டியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையை விட்டவர்கள் புலம்பும் அறையில் வேலை விளம்பரத்தை ஒட்டாமல் வேறு எங்கே ஐயா ஒட்டுவது? அதற்கு 'விதி மூன்று: ஒரே விளம்பரத்தைப் பல அறைகளில் போடக் கூடாது' என்று சொல்லி மூன்று நாள் என் வாயைப் பூட்டினீர்கள்.

நான்காம் நாள், வேலைவாய்ப்பு அறையில் மட்டும் நல்ல பிள்ளையாகப் போட்டேன். 'சம்பளம்: திறமைக்கேற்ப' என்று இருந்ததால் அதையும் நீக்கினீர்கள். என் மனைவியிடம் முறையிட்டேன். எங்கள் அலுவலகத்தில் போன் எடுப்பவள் அவள்தான். "ஏங்க, நாம வாடகைக்கு வீடு தேடினப்ப, 'வாடகை: வீட்டுக்கேற்ப'ன்னு போட்டிருந்தா நீங்க போய்ப் பார்த்திருப்பீங்களா?" என்று கேட்டாள். நீங்களும் அவளும் முன்பே பேசி வைத்துக்கொண்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

சம்பளத்தை எழுதி மூன்றாவதைப் போட்டேன். அதை நீக்கிய செய்தி வந்த நேரம் இருக்கிறதே, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அந்தச் செயலாளர் அம்மாவைச் சமாதானப்படுத்தப் போய், அவரோடு லிப்ட்டில் ஏறி, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவசர எண்ணை அழுத்தினால் என் மனைவி எடுக்கிறாள்.

"வணக்கம், எந்த லிப்ட்டுங்க?"

"நான்தான் பேசறேன்."

"நான்னா யாருங்க? கட்டட எண்ணைச் சொல்லுங்க, அப்பதான் பதிய முடியும்."

கட்டட எண்ணைச் சொன்னேன். அவள் பதிந்தாள். புரோகிராம் உடனே ஒரு மெக்கானிக்கைப் பல் வைத்தியரிடம் அனுப்பியது. அப்போதுதான் போன் அதிர்ந்தது: உங்கள் விளம்பரம் நீக்கப்பட்டது, 'குடும்பம் போன்ற சூழல்' என்பதற்கு விளக்கம் தேவை. செயலாளர் அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, "உங்களுக்கு ஆளே கிடைக்காது போலிருக்கே" என்றார். நாற்பது நிமிஷம் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் 'கிரீஸ் அண்ணன்' என்று நாங்கள் கூப்பிடும் தலைமை மெக்கானிக், யாரும் அனுப்பாமல் தானே விசாரித்துக்கொண்டு வந்து திறந்துவிட்டார். சரி செய்ததும் அவர் மட்டும் ஏறி மேலும் கீழும் ஒரு முறை போய் வந்தார். எங்களிடம் பதினேழு விதி கிடையாது, ஒன்றே ஒன்றுதான். பழுது பார்த்தவர் முதலில் ஏற வேண்டும். அவர் முழுசாக இறங்கி வந்த பிறகுதான் மற்றவர்கள்.

அந்த மூன்றாவது நீக்கத்தோடு நீங்கள் அனுப்பிய கேள்விகளைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முன்பு இருந்தவர் ஏன் போனார்? மதியம் உட்கார்ந்து சாப்பிட நேரம் உண்டா? தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் திட்டுவீர்களா? நடுவில் கொஞ்ச காலம் வேலையில்லாமல் இருந்தவர்களையும் எடுப்பீர்களா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உங்கள் பதினேழு விதிகளையும் இரண்டு தடவை படித்தேன். இதில் ஒரு கேள்விக்கும் விதி இல்லை. நெறியாளருக்கு இதெல்லாம் எதற்கு?

எதற்கோ, கேட்டுவிட்டீர்கள், கோபத்தோடு எல்லாவற்றுக்கும் பதில் எழுதி நான்காவது விளம்பரமாகப் போட்டுவிட்டேன். குடும்பம் 'போன்ற' சூழல் இல்லை, குடும்பமேதான். நானும் மனைவியும் சண்டை போட்டால் காதில் விழும். முன்பு இருந்தவன் நல்ல வேலை கிடைத்துப் போனான், அவன் எழுதியது அவனுக்கே இப்போது புரியாது. மதியம் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரைத்தான் தேடுகிறோம். தெரியும் என்று சொல்லி மின்கம்பியில் கை வைத்தவர்களை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்தாயிற்று. வேலையில்லாமல் இருந்தவரா, வரட்டும். கொஞ்ச நாள் நின்றிருந்தது என்பதற்காக எந்த லிப்ட்டையும் நாங்கள் இடித்துத் தள்ளியதில்லை.

இதில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற மாட்டேன். நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள். என் ஐந்து மெக்கானிக்குகளை விட உங்கள் விதி ஒன்றும் பெரிதில்லை.

தங்கள் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டி, தங்கள் தீர்ப்புக்கு மட்டும் தலை வணங்காத,

லிப்ட் கம்பெனிக்காரர்

பி.கு.: இதை அனுப்பப் போன நேரத்தில், "ஏங்க, ஒரு விண்ணப்பம் வந்திருக்கு, கீழ அரைப்புள்ளின்னு போட்டிருக்கு" என்றாள் மனைவி. படித்தேன். பதினோரு மாதமாக வேலையில்லாமல், மற்றவர்கள் கொடுக்கும் வேலைகளின் விளம்பரத்தைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நெறியாளராக இருப்பவர் விண்ணப்பிக்கக் கூடாது என்பது பதினாறாவது விதியாம். அதனால் காலையிலேயே பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் விண்ணப்பித்தீர்களாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். மேலே உள்ள ஏச்சு அத்தனையும் புதிய நெறியாளரைச் சேரும், அவரிடம் கொடுத்துவிடுங்கள். என் விளம்பரத்தைப் பழுது பார்த்தவர் நீங்கள், அதனால் முதலில் ஏற வேண்டியவரும் நீங்கள்தான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். அலுவலகம் ஐந்தாவது மாடி. நலமில்லாத மூன்று லிப்ட்டுகளில் ஒன்று எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறது, அதனால் படியிலேயே வாருங்கள்.