டாக்டரின் காதோரம் ஓர் ஒட்டு

இனிமேல் காலையில் நடப்பதில்லை என்று முடிவு செய்தேன். சாகிற வரைக்கும் இந்த முடிவில் மாற்றம் இல்லை. மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, விடிவதற்குள் என் போர்வையை உருவுவதை அவள் ஒரு தொண்டாகவே செய்துவருகிறாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பு முழுக்கத் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பிப் பழகிய கை. நான் எம்மாத்திரம்?

"ஏங்க, எழுந்திரிங்க."

"ஏம்மா, மழை வர்ற மாதிரி இருக்கு."

"குடை வாசல்ல இருக்கு."

"முட்டி வலிக்குது."

"நேத்து மேட்ச் பார்க்கும்போது எகிறிக் குதிச்சீங்களே, அப்ப வலிக்கலையா?"

இப்படிப்பட்டவளிடம் நேராக மோதக்கூடாது. மூளையால் மோத வேண்டும். நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத மாமாவைக்கூட ஆல்பத்தில் சிரிக்கவைத்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு டாக்டரைச் செய்ய முடியாதா?

செய்தேன். கடைக் கம்ப்யூட்டரில் கிடந்த படங்களிலிருந்து வங்கி மேனேஜரின் கண்களை எடுத்தேன். மூக்கு மளிகைக் கடைக்காரருடையது. வழுக்கை மேல்வீட்டு வக்கீலின் உபயம். வெள்ளைக் கோட்டை மாட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டதும் ஆள் கண்ணியமாக இருந்தார். எனக்கே அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் போட்டேன்: "எச்சரிக்கை! நாற்பது வயதுக்கு மேல் அதிகாலையில் நடந்தால் முட்டி தேயும். உலகப் புகழ்பெற்ற நிபுணர் தரும் அதிர்ச்சித் தகவல். அன்புக்குரியவர்களுக்கு உடனே அனுப்புங்கள்."

கடையின் இன்னொரு நம்பரிலிருந்து மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் அனுப்பினேன். அது போதும். எதையும் படித்துவிட்டு அனுப்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மனிதர் தன் மூக்கைத் தானே ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தார். சாயங்காலம் அது என் மனைவியின் செல்போனுக்கு வந்து சேர்ந்தது.

"ஏங்க, இதப் பார்த்தீங்களா?"

"அடடா, யாரும்மா இது?"

"பெரிய டாக்டராம்." இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "பாவம், இத்தனை நாள் உங்கள நடக்க வச்சு முட்டியத் தேய்ச்சுட்டேனே. நாளையிலேர்ந்து நல்லாத் தூங்குங்க."

அந்த வாரம் முழுக்க வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். போர்வை என்மேலேயே இருந்தது.

சனிக்கிழமை அவள் சொன்னாள்: "நாளைக்கு நம்ம பில்டிங் ஹால்ல எங்க ஸ்கூல் கூட்டம் இருக்கு. செல்போன்ல வர்றதுல எது நிஜம் எது பொய்னு குடும்பம் குடும்பமா உட்காரவச்சு சொல்லித்தரப் போறோம். நீங்க வந்து போட்டோ எடுத்துக் குடுங்க."

"பேஷா எடுக்கறேன். ஜனங்க ரொம்ப ஏமாளிங்களா இருக்காங்கம்மா."

"ஆமாங்க," என்றாள்.

மறுநாள் ஹாலில் நிற்க இடமில்லை. விளக்கை அணைத்தார்கள். திரையில் முதல் ஆளாக என் டாக்டர் வந்து நின்றார்.

"ஒரு செய்தி வந்தா உடனே நம்பாதீங்க, உடனே அனுப்பாதீங்க," என்றாள் என் மனைவி. "யார் சொன்னது, எங்கேருந்து வந்துச்சு, இதனால யாருக்கு லாபம்னு கேட்டுப் பாருங்க. சரி, இவர் யாரு?"

"பேரே போடலையே டீச்சர்," என்றது முன்வரிசை.

உலகப் புகழ்பெற்ற மனிதருக்குப் பெயர் வைக்க மறந்துபோயிருக்கிறேன்.

வக்கீலின் மனைவி மெதுவாக எழுந்தார். "பேரு தெரியல. ஆனா இந்த வழுக்கை விழும்போது நான் கூடவே இருந்திருக்கேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "டீச்சர், டாக்டர் காதுக்குப் பின்னாடி துணியில ஒரு ஒட்டு இருக்கு. என் ஐடி கார்டு போட்டோலயும் அதே ஒட்டு இருக்கு."

விளக்கைப் போட்டதும் ஹாலில் இருந்தவர்கள் பையைத் துழாவி அடையாள அட்டைகளை எடுத்தார்கள். ஆபீஸ் கார்டு, லைசென்ஸ், நூலக அட்டை. எல்லார் காதோரமும் அதே ஒட்டு. என் ஸ்டுடியோவின் நீலத் திரை. முகத்தை மாற்றத் தெரிந்த எனக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தது கண்ணில் படவில்லை. தினமும் பார்க்கிற துணி. அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தவள் யார் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் டாக்டர் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. காலையில நடந்தா கெடுதல்னு எல்லாரும் நம்பினா, யாருக்கு லாபம்?"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கேமரா சின்னது.

"என் கண்ண யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று வங்கி மேனேஜர் எழுந்தார். மளிகைக் கடைக்காரர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இனி யார் என்னை நம்பிக் கடைக்கு முகத்தைக் கொண்டுவருவார்கள்?

என் மனைவி கையை உயர்த்தினாள். "யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. பாடம் நடத்த ஒரு நல்ல பொய் தேவைப்பட்டுச்சு. எங்க வீட்டுக்காரர்தான் மெனக்கெட்டு செஞ்சு குடுத்தார். அந்த ஒட்டைக்கூட, நீங்க கண்டுபிடிக்கணும்னு வேணும்னே விட்டுவச்சார். இல்லீங்களா?"

"ஆமா, வேணும்னேதான்," என்றேன்.

கைதட்டல் காதைப் பிளந்தது. மேனேஜர் வந்து கை குலுக்கினார். போன உயிர் திரும்பி வந்தது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று உருகிப்போனேன்.

"இதுல ஒரு வார்த்தைகூட அவர் நம்பல. இல்லீங்களா?"

"சேச்சே, ஒரு வார்த்தைகூட நம்பல," என்றேன் அதே உருக்கத்தோடு.

"அதனால நாளையிலேர்ந்து நம்ம பில்டிங் மொத்தத்தையும் காலையில நடக்கக் கூட்டிட்டுப் போகப்போறது அவர்தான். கதவைத் தட்டி எழுப்பற பொறுப்பும் அவரோடது."

மறுபடியும் கைதட்டல். முடியாது என்றால் நான் பொய்யன். சரி என்றால் தூக்கம் போச்சு. சரி என்று அசடு வழிந்தேன்.

மறுநாள் விடியவில்லை, அதற்குள் வாசலில் கும்பல். மேனேஜர் புது ஷூ போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். என் மனைவி என் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏம்மா, நீ வரலையா?"

"நானா? எனக்கு நாற்பது தாண்டிடுச்சுங்க," என்றது போர்வை. "முட்டி தேஞ்சிடுமாம், பெரிய டாக்டரே சொல்லியிருக்கார். கதவச் சாத்திட்டுப் போங்க."