தராசில் ஏறிய மசோதா

தேசப்படத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. நிறைகோல் நாடு என்று ஒன்று இருந்தது. அங்கே அவைகள் இரண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த நானூறு பேர் பேரவையில். அவர்கள் அவசரத்தில் செய்யும் மடத்தனத்தைத் தடுக்க, நூறு பேர் மூத்தோர் அவையில். இரண்டும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம். அதில் பேச்சு கிடையாது, தலை எண்ணுவதும் கிடையாது. மண்டபத்தின் நடுவே பெரிய தராசு. ஆதரிப்பவர் ஒரு தட்டிலும் எதிர்ப்பவர் மறு தட்டிலும் ஏறி உட்கார வேண்டும். தாழ்ந்த தட்டு சொன்னதே சட்டம்.

எந்நாளும் தோற்கக் கூடாதே! உறுப்பினர்களின் எடை தேசத்தின் சொத்து என்று அறிவித்த பேரவை, வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் கேட்டது. மறு வருடம் நெய்யும் கேட்டது. முதியோருக்குக் கஞ்சியே உகந்தது என்று மூத்தோர் அவைமீது அக்கறையோடு இன்னொரு சட்டம். குடிமக்கள் எலும்பும் தோலுமானார்கள். தேகப்பயிற்சியின் வெற்றி என்று அரசிதழ் எழுதியது. எழுதியவனுக்குக் கை கூசவில்லை.

இந்த நிலையில் மன்னருக்குப் படகில் உலாவ ஓர் ஏரி தேவைப்பட்டது. ஆற்றை மறித்தால் மூங்கில்துறை என்ற ஊர் முழுகிவிடும். பேரவை நிறைவேற்றிய ஏரி மசோதாவை மூத்தோர் அவை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. கூட்டுக் கூட்டம் கூடியது. மூங்கில்துறை ஓடக்காரி செங்காயி ஊரையே திரட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

நூறு மூத்தோரில் முப்பது பேர் நெய் வாசனை பிடித்துப் பேரவையின் தட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் ஏறியதும் தட்டு விர்ரென்று மேலே போய், எழுபது தலைகளும் விட்டத்தில் இடித்தன.

"மாண்புமிகு உறுப்பினர்கள் விட்டத்துக்குச் சேதமின்றி இறங்கவும்" என்றார் அவைத்தலைவர் பூவராகனார்.

செங்காயி உள்ளே புகுந்துவிட்டாள். "ஐயா, நாங்க ஆயிரம் பேரு வந்திருக்கோம். எங்களையும் அந்தப் பெரியவங்க தட்டுல ஏத்திப் பாருங்க. முழுகப் போறது எங்க ஊருதானே?"

"நீங்கள் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது, அம்மா. அதோ உங்கள் ஊர் உறுப்பினரின் தொந்தி. அது யார் கொடுத்த நெல்? யார் கொடுத்த நெய்? முறைப்படி மூங்கில்துறை இந்த மசோதாவை ஆதரித்துவிட்டது."

செங்காயி அந்தத் தொந்தியை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ அதுல எங்க பங்கை அறுத்துக் குடுங்க. நாங்க இந்தப் பக்கம் வெச்சுக்கறோம்."

"அடுத்த தேர்தல் வரை விதியில் இடமில்லை. ஐந்து வருடம் பொறுங்கள், தாயே."

ஆற்றை மறித்தார்கள். செங்காயி ஏழு நாள் ஓடம் வலித்து ஆட்களைக் கரைசேர்த்தாள். வீடுகளைத் தூக்கி வர அவளால் முடியவில்லை.

ஐந்தாம் வருடம் தேர்தல் வந்தது. "நாங்க எங்கய்யா ஓட்டுப் போடுறது?" என்று கரையில் நின்று கேட்டாள் செங்காயி.

"உங்கள் ஊர்ச் சாவடியில்தான். இடத்தை மாற்றக் கூட்டுக் கூட்டம் கூட வேண்டும்" என்றார் தேர்தல் அதிகாரி.

சாவடி இருபதடித் தண்ணீருக்குள் கிடந்தது. மாலையில் முடிவை அறிவித்தார்கள். மூங்கில்துறையில் நூற்றுக்கு நூறு வாக்குப்பதிவு. அத்தனையும் அதே உறுப்பினருக்கு.