உரிந்து வந்த கைதட்டல்

பசை காய்ந்தபாடில்லை. மேசை மேல் கிடந்த இசைத்தட்டு, யாரோ கெட்டித் தயிரைக் கொட்டிப் பரப்பிவிட்டதுபோல முழுக்க வெள்ளையாக இருந்தது. மாப்பிள்ளை குனிந்து அதை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது அப்பாவோட ரெக்கார்டுதானே?" என்றாள் மனைவி, அறை வாசலில் நின்றபடி.

"ஆமா. சுத்தம் பண்றேன்."

"பசையிலயா?"

"மரம் ஒட்டற பசைதான். காஞ்சதும் தோலை உரிக்கிற மாதிரி உரிச்சா, அழுக்கு மொத்தமும் அதோட ஒட்டிக்கிட்டு வந்துடும். உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க."

உலகம் பூரா என்பது, முந்தைய நாள் அவர் செல்போனில் பார்த்த வீடியோவில் வந்த ஒரு தாடிக்காரர்.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. நாள் முழுக்க பாட்டில்களை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் குறை கண்டுபிடிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்துக்கு எண்ணெய் விட்டார். அது அன்றே விருப்ப ஓய்வு பெற்றது. குளியலறைக் கதவு கிறீச்சிடுகிறது என்று கீலை மாற்றினார். இப்போது கதவு கிறீச்சிடுவதும் இல்லை, மூடுவதும் இல்லை. மாமனார் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு இத்தனையும் செய்ய ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இன்று கை வைத்திருப்பது கடிகாரத்தில் அல்ல. மாமனார் இளவயதில் ஒரு பாட்டுப் போட்டியில் பாடியவர். மேடையில் பாடியதை அப்படியே பதிவுசெய்து தட்டாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். உலகத்தில் இருப்பது இந்த ஒன்றுதான். பாட்டு முடிந்ததும் சடசடவென்று ஒரு கைதட்டல் வரும். வீட்டுக்கு வந்த யாரும், தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவர் உட்பட, அதைக் கேட்காமல் தப்பியது கிடையாது. கைதட்டல் வரும்போது மாமனார் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். "கேட்டீங்களா? ஆயிரம் பேர்" என்பார்.

இன்றைக்குக் கேட்க வருபவர் அவருடைய பழைய சூப்பரிண்டெண்ட். மாமனார் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுத்த காலத்தில், "நீயெல்லாம் பாடி யாருய்யா கேட்கப் போறாங்க?" என்று அந்தப் போட்டிக்கு லீவு தர மறுத்த அதே மனிதர். மாமனார் வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாடினார். இத்தனை காலம் கழித்து அவரை எங்கோ கடைத்தெருவில் பார்த்து, நச்சரித்து, வரச் சம்மதிக்க வைத்திருந்தார். இப்போது அவரை அழைத்துவர இஸ்திரி போட்ட சட்டையோடு பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தார்.

"சுத்தமா கேட்டா உங்கப்பா அசந்துபோயிடுவாரு பாரு" என்றார் மாப்பிள்ளை.

மின்விசிறியை முழு வேகத்தில் வைத்ததும் பசை காய்ந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தார். கிழியாமல், முழுத்தோலாக உரிந்து வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே பழுப்பும் சாம்பலுமாக ஒரு தலைமுறை அழுக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு திருப்தி அவருக்குக் கிடைத்ததில்லை.

தோலை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தட்டைப் பிளேயரில் வைத்து ஊசியை இறக்கினார். மாமனாரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் வந்தது. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடிய குரல் அது இல்லை என்பது வேறு விஷயம்.

பாட்டு முடிந்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ இருமினார். பிறகு கொட்டாவியோடு ஒரு குரல் சொன்னது: "ம்ம்... அடுத்த ஆள்."

அவ்வளவுதான். ஊசி நடுவுக்குப் போய் நின்றது.

"கைதட்டல் எங்கங்க?"

"வரும்."

"எப்போ?"

மறுபடி போட்டார்கள். மறுபடி நாற்காலி, இருமல், அடுத்த ஆள். மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி, ஜன்னல் கம்பியில் தொங்கிய பசைத்தோலைப் பார்த்தார். ஆயிரம் பேரும் அதில் இருந்தார்கள். கைதட்டல் என்று ஊரே கேட்டது வெறும் அழுக்கின் சடசடப்பு.

"எங்கப்பாவுக்கு வாழ்க்கையில கிடைச்சதே அந்த ஒரு கைதட்டுதான். அதையும் உரிச்சு எடுத்துட்டீங்க" என்றாள் மனைவி. கோபமாக ஆரம்பித்தவளுக்கு முடிக்கும்போது குரல் தழுதழுத்தது.

திட்டு வாங்குவது மாப்பிள்ளைக்குப் பழகிப்போன சமாச்சாரம். ஆனால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்கப்போகிற அந்த மனிதர், சூப்பரிண்டெண்டுக்கு முன்னால் "அடுத்த ஆள்" என்பதைக் கேட்டுவிட்டு எப்படி மறுபடி உட்காருவார்? அந்த முகத்தைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

"பதறாதே. எடுத்ததைத் திருப்பி வச்சுட்டா சரியாப் போச்சு."

பசைத்தோலைத் தட்டின் மேல் விரித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். ஊசி அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. சரி, வேண்டாம் என்று உரித்தால், முதல் தடவை முழுசாக வந்தது இந்தத் தடவை துண்டு துண்டாக வந்தது. ஒரு பிசிறு மட்டும் வரவே இல்லை. அது ஒட்டிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இடம் பாட்டின் முடிவு.

"அடுத்த ஆள்... அடுத்த ஆள்... அடுத்த ஆள்..." என்றது தட்டு.

"முன்னாடி ஒரு தடவைதான் சொன்னான்" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை வெந்நீரில் துணியை நனைத்துப் பிசிறைத் துடைத்தார். பிசிறு போனது. அதோடு தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் மையால் எழுதியிருந்த மாமனாரின் பெயரும் போனது.

"இப்போ இதுல அப்பா பேரும் இல்ல."

"குரல் இருக்குல்ல?"

"அது இல்லாம இருந்தாக்கூடப் பரவாயில்லைன்னுதான் தோணுது."

அடுத்து, அழுக்குதானே கைதட்டியது, அழுக்கைத் திரும்பப் போட்டால் போகிறது என்று அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. நாற்காலி மேல் ஏறி, பீரோ தலையிலிருந்து தூசியை வழித்து வந்து தூவினார். பாட்டு முழுவதும் தகரக் கொட்டகையில் பேய்மழை பெய்தது. பாட்டு முடிந்ததும் மழை விட்டது. அடுத்த ஆள் மட்டும் தெளிவாகக் கேட்டது.

மாமியார் மடித்த துணிகளோடு அந்தப் பக்கம் வந்தார். நாற்காலியையும், தூசி படிந்த மாப்பிள்ளையையும், மேசையில் கிடந்த தோல் துண்டுகளையும் வரிசையாகப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, ரிப்பேரா?"

"சும்மா சுத்தம் பண்றேன் அத்தை."

"பண்ணுங்க, பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை விஷயத்தில் அந்த அம்மாள் ஆச்சரியப்படுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

தூசியைச் சட்டையால் துடைத்தபோது வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒரே வழிதான்" என்றார் மாப்பிள்ளை. "நாம ரெண்டு பேரும் ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கறோம். பாட்டு முடிஞ்சதும் தட்டறோம்."

"ரெண்டு பேர் தட்டினா ஆயிரம் பேர் மாதிரி இருக்குமா?"

"வேகமாத் தட்டணும்."

மாமனாரும் சூப்பரிண்டெண்டும் உள்ளே வந்தார்கள். சூப்பரிண்டெண்ட் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். அது நின்றுபோனது என்பது தெரியாமல், நேரமே ஆகவில்லை என்று திருப்தியானார்.

"மாப்பிள்ளை, தட்டைக் கொண்டாங்க" என்றார் மாமனார்.

வழியிலேயே மாமியார் கையை நீட்டினார். "என்கிட்ட குடுங்க. தூசியா இருக்கே, துடைச்சு நானே போடறேன்." அவர் அதை உள்ளே கொண்டுபோய்த் திரும்பி வருவதற்குள், மாப்பிள்ளையும் மனைவியும் கதவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிவிட்டார்கள்.

"இதுல உன் பேரே இல்லையே?" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"குரலைக் கேளுங்க சார்" என்றார் மாமனார்.

பாட்டு ஓடியது. முடிந்தது. மாமனார் எழுந்தார். கதவுக்குப் பின்னால் நாலு கைகள் உயர்ந்தன. நாற்காலி நகரும் அந்த இடத்தில், பிளேயரிலிருந்து சடசடவென்று கைதட்டல் கொட்டியது. முன்னெப்போதையும்விடப் பலமாக, கூரை அதிர. இருமலும் கேட்கவில்லை, அடுத்த ஆளும் கேட்கவில்லை. நாலு கைகளும் தட்டாமல் அந்தரத்தில் நின்றன.

மாமனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆயிரம் பேர் சார்."

சூப்பரிண்டெண்ட் பிளேயரை ஒரு தடவை, மாமனாரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "லீவு குடுத்திருக்கலாம்யா" என்றார்.

மாப்பிள்ளை நேரே சமையலறைக்கு ஓடினார். "அத்தை, என்ன பண்ணீங்க?"

"பவுடர்" என்றார் மாமியார், டீயை ஆற்றிக்கொண்டே.

"என்ன பவுடர்?"

"முகத்துக்குப் போடறதுதான். பாட்டு முடியற இடத்துல மட்டும் விரலால லேசாத் தடவணும். இப்படியா தட்டு முழுக்கத் தூசியைக் கொட்டுவாங்க?" குரலைத் தாழ்த்தினார். "கல்யாணமான புதுசுல எனக்குப் போட்டுக் காட்டினாரு. ஒருத்தரும் கைதட்டல. மூஞ்சி அப்படியே செத்துப்போச்சு. மறுநாள், ஊசி சரியில்லைன்னு நினைக்கிறேன், இன்னொரு தடவை போடுங்கன்னு சொன்னேன். அன்னியிலேர்ந்து நான்தான் தட்டிக்கிட்டிருக்கேன்."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"இன்னி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுபோயிடுவாரு. நீங்க வாயைத் திறந்துடாதீங்க."

மாப்பிள்ளை திறக்கமாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். எதையும் இருக்கிறபடி விட்டுவைப்பதில் ஏதோ இருக்கிறது என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

சூப்பரிண்டெண்டை வழியனுப்பிவிட்டு மாமனார் திரும்பி வந்தார். மாமியார் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மாமனார் தட்டைப் பக்குவமாக உறையில் போட்டார். பிறகு மாப்பிள்ளையின் காதோரம் குனிந்தார்.

"இன்னிக்குப் பவுடர் கொஞ்சம் ஜாஸ்தி மாப்பிள்ளை. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."