பாலம் தெரிகிற பெர்த் எது?

ஜெமுன்,
மே 28

மதிப்புக்குரிய மச்சான் வுகோமான் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை தெசங்காவின் கணவன் ஸ்தானிமிர் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முதுகு மட்டும் சௌக்கியமில்லை. அதன் காரணம் கீழே வரும். தங்கள் இதயமும் முழங்காலும் வாசலில் நிற்கும் அத்திமரமும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். பதினோரு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். யாரும் சாகவில்லை. எனக்கு ஒரே ஒரு தகவல் வேண்டும். இங்கிருந்து உங்கள் கடற்கரைக்கு வரும் இரவு ரயிலில், விடியும் நேரத்தில் அந்தப் பெரிய பாலத்தைக் கடக்கும்போது, படுத்தபடியே அது தெரிய வேண்டுமென்றால் எந்தப் பெட்டியில், எந்த அறையில், எந்த பெர்த்தில் படுக்க வேண்டும்? அதே ரயிலில் முப்பது வருடம் படுக்கைப் பெட்டி அட்டெண்டராக இருந்த தங்களை விட்டால் இதைச் சொல்ல ஆளில்லை. மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

விஷயம் ஆரம்பித்தது டிவியில். போன மாதம் ஒரு மாலை அந்தப் பாலத்தைக் காட்டினார்கள். தெசங்கா மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வந்து நின்றாள். நான், "உனக்கென்ன, நாப்பத்தொரு வருஷமா அந்த வழியாப் போய் வர்றே, எத்தனை தடவை பாத்திருப்பே" என்றேன். அதற்கு அவள், "எங்க பாக்க விட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். கல்யாணமான புதிதில் ஜன்னலோர லோயர் பெர்த் எனக்கு, அப்பர் பெர்த் அவளுக்கு. பிள்ளைகள் பிறந்த பிறகும் லோயர் எனக்கு, அப்பர் அவளுக்கும் குழந்தைக்கும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு என் மூட்டு வலியைக் காரணம் சொல்லி மறுபடியும் லோயர் எனக்கு. நானாவது பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. இருபத்தொன்பது வருடம் புவியியல் வாத்தியாராக இருந்து அந்தப் பாலத்தைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டியவன், ரயிலில் ஒரு தடவைகூட, கடல் கண்ணில் படும் சுதோமோரே ஸ்டேஷனுக்கு முன்னால் கண் விழித்ததில்லை. சரி, இந்த ஜூன் மாதம், சீக்கிரம் விடியும் நாளாகப் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் டிக்கெட் எடுத்து, அவளைப் பாலம் பார்க்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இத்தனை வருடமும் டிக்கெட் எடுத்தது அவள்தான். ஆகவே கவுண்டருக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். "படுக்கணும், ஆனா தூங்கக் கூடாது" என்றேன்.

"அப்ப உட்கார்ற சீட் வாங்கிக்குங்க. அதுல யாரும் தூங்கினதில்ல."

"வீட்டுக்காரிக்கு இடுப்பு வலிம்மா. படுத்துக்கிட்டேதான் போகணும். விடியும்போது பாலம் தெரியணும்."

"ரெண்டு பேர் கூபேயா, மூணு பேர் கூபேயா, ஆறு பெர்த் பெட்டியா?"

"எதுல பாலம் தெரியும்?"

"கண்ணைத் திறந்து வெச்சிருந்தா எல்லாத்துலயும் தெரியும்."

இரண்டு பேர் கூபேயில் இரண்டு பேருக்கு ஒரு ஜன்னல், மூன்று பேர் கூபேயிலும் ஒரு ஜன்னல் என்பதால் பெரிய ஜன்னலாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, மூன்று பேர் கூபேயில் இரண்டு பெர்த் கேட்டேன். அதில் ஆண்கள் தனி, பெண்கள் தனி என்றாள். "நாங்க கல்யாணம் ஆனவங்க, நாப்பத்தொரு வருஷமாச்சு" என்றேன். "மூணாவதா வர்ற ஆளுக்கு உங்களோட கல்யாணம் ஆகலையே" என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் உடனே இரண்டு பேர் கூபே எடுத்துக்கொண்டு, மரியாதையோடு ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்காமல், "கூபே ஜன்னல் பாலத்துப் பக்கம்தானே?" என்று கேட்டுவிட்டேன். அங்கேதான் வந்தது வினை. ஒரு பக்கம் கூபே, மறு பக்கம் காரிடாராம். பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுகிறார்களோ அதைப் பொறுத்ததாம். "அது யார்டுல இருக்கிறவங்களுக்கே அன்னைக்குத்தான் தெரியும்" என்றாள். அப்படியென்றால் நாங்கள் படுத்துக்கொண்டு இரவெல்லாம் காத்திருந்து விடியற்காலை வெறும் பாறையைப் பார்ப்போம், பாலமும் பள்ளத்தாக்கும் ஆளில்லாத காரிடாருக்குத் தெரியும்! அப்போது பின்னால் அக்கார்டியன் பெட்டியோடு நின்ற ஒருவர், "ஐயா, ரெண்டு வேற வேற பெட்டியில வாங்கிருங்க. ஒண்ணு இந்தப் பக்கம் பாத்தா ஒண்ணு அந்தப் பக்கம் பாக்கும்" என்றார். படித்தவர் மாதிரி இருந்தார். இரண்டு பேர் கூபேயில் இரண்டு பெர்த், ஆறு பெர்த் பெட்டியில் லோயர் இரண்டு வாங்கிவிட்டேன். டிராமில் பாதி வழி வந்த பிறகுதான், இரண்டு பெட்டியையும் ஒரே பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டால் என்ன செய்வது என்று உறைத்தது. இறங்கித் திரும்பிப் போய், இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள பெட்டியில் உட்காரும் சீட்டும் இரண்டு கேட்டேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மொத்தம் எத்தனை பேர் போறீங்க?" என்றாள். "ரெண்டு பேர்" என்றேன். அவள் டிக்கெட்டைத் தள்ளிவிட்டு, "அடுத்தவர் வாங்க" என்றாள்.

ஆறு டிக்கெட் கையில் இருந்தும் குழப்பம் தீரவில்லை. கூபேயில் அவளை மேலே படுக்க வைப்பதா, கீழேயா? கீழ்வீட்டு மிலுங்காவைக் கேட்டேன். அவள் வருடம் தவறாமல் கடலுக்குப் போகிறவள். "கீழ படுத்தா வானம் மட்டும் தெரியும். மேல படுத்தா தண்டவாளத்துக் கல்லு மட்டும் தெரியும். பாலம் தெரியணும்னா நடுவுல படுக்கணும்" என்றாள். இரண்டு பேர் கூபேயில் நடு ஏது, மச்சான்? சரி, நாமே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, சனிக்கிழமை தெசங்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, நாற்காலி போட்டு எங்கள் துணி அலமாரியின் மேல் ஏறிப் படுத்தேன். மிலுங்கா சொன்னது உண்மை. அங்கிருந்து எதிர்வீட்டுச் சாக்கடை மூடி மட்டும்தான் தெரிந்தது. அப்பர் பெர்த் வேண்டாம் என்று மனதில் குறித்துக்கொண்டு இறங்கக் காலை நீட்டினேன், நாற்காலி சாய்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். கூரையில் ஒரு விரிசல் இருக்கிறது, அதைப் பூச வேண்டும். பிறகு கதவு திறந்தது. தெசங்கா, பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு மிலுங்கா.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா படுத்திருக்கேன்."

"கட்டில் இருக்கே."

"கட்டில்லேர்ந்து தெரியாது."

"என்ன தெரியாது?"

ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமே! வாயை இறுக மூடிக்கொண்டேன். மிலுங்கா அவள் காதில் ஏதோ டாக்டர் பெயரைச் சொன்னது எனக்குக் கேட்டது. இருவரும் தோள் கொடுத்து இறக்கினார்கள். என்னோடு அலமாரியின் முகப்புச் சட்டமும் இறங்கியது. அதில்தான் முதுகு போனது. தைலம் எடுக்க என் கோட்டுப் பையில் கைவிட்ட தெசங்கா தைலத்தோடு ஆறு டிக்கெட்டையும் எடுத்தாள்.

"யாரு யாரெல்லாம் போறீங்க?"

"நாமதான்."

"நமக்கு ஆறு உடம்பா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிவியில் பாலம் காட்டியது, அவள் சொன்ன வார்த்தை, நாற்பத்தொரு வருட லோயர் பெர்த், ஒன்று விடாமல். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்படியே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அதனால்தான், எப்படியாவது சரியான பெர்த் எது என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்று தங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

எழுத உட்கார்ந்தால் பேனா பெர்த்துக்குப் போகமாட்டேன் என்கிறது. பதினோரு வருடத்துக்கு முன் தங்கள் வீட்டுப் புனிதர் திருநாள் விருந்தில், அத்தனை பேர் நடுவில், "வுகோமானுக்கு என்ன கவலை, தூங்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஆளு" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். தாங்கள் பன்றித்தொடை அறுத்துக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனீர்கள். நான் விளையாட்டாகச் சொன்னது, அதற்கு இவ்வளவு ரோஷமா என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இப்போது இரண்டு பேரைப் படுக்க வைப்பதற்குள் எனக்கு முதுகு போய்விட்டது. தாங்கள் ஒரு பெட்டி முழுவதையும் படுக்க வைத்து, யார் எங்கே இறங்குவார்கள் என்று நினைவில் வைத்து, எல்லையில் பாஸ்போர்ட்டை வாங்கிக் காட்டி, ஒருவரையும் எழுப்பாமல், எழுப்ப வேண்டியவரை எழுப்பி, முப்பது வருடம் விழித்திருந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் என் கூபே கதவைத் தட்டி, "ஸ்தானிமிர், கடல் வந்தாச்சு" என்று சொன்னதும் தாங்கள்தான். அந்த ரயிலில் தூங்கியவன் நான். தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள், மச்சான்.

தங்கள் வலையில் மீனும் தங்கள் மரத்தில் அத்தியும் குறையாமல், படுத்தவுடன் தூக்கம் வரும்படியாகக் கடவுள் தங்களை வைத்திருக்கட்டும். பதிலை உடனே எழுதவும். பெர்த் எண்ணை மட்டும் எழுதினாலும் போதும்.

தங்கள் அன்புள்ள,
ஸ்தானிமிர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், தெசங்கா பிடுங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டாள். "நான் பாலத்தப் பாத்ததில்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்கிறாள். நீதானே சொன்னாய் என்றால், நான் டிவிக்கு முன்னால் மாடு மாதிரி நின்று மறைத்ததைச் சொன்னாளாம்! ஒவ்வொரு பயணத்திலும் நான் குறட்டை விட ஆரம்பித்ததும் எழுந்து, பெட்டிக் கோடியில் இருக்கும் தங்கள் சின்ன அறைக்கு வந்துவிடுவாளாமே? தாங்கள் காபி போட்டுக் கொடுக்க, அண்ணனும் தங்கையும் பேசியபடி விடியும்வரை காரிடாரில் நிற்பீர்களாமே? தங்கள் டியூட்டி நாள் கேட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பாளாம். பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்களாம். இந்தக் குடும்பத்தில் பாலம் பார்க்காதது புவியியல் வாத்தியார் ஒருவர்தான் என்று சொல்லி மறுபடியும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்குகிறது. அது அழுகை இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

தாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசி, கடைசியில் "எழுதினானா?" என்று கேட்பீர்களாம், பதினோரு வருடமாக இவள் "இன்னும் இல்ல" என்று சொல்லி வந்திருக்கிறாள். அலமாரி சமாசாரமும் தங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்கிறாள். நாலு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கூபே மட்டும் இருக்கிறது. அப்பர் பெர்த்தில் அவள் படுக்கப் போகிறாள். அந்த ரயிலில் இதுவரை ஒரு நாள்கூடத் தூங்கியதில்லையாம், இந்தத் தடவை தூங்கியே தீருவாளாம். நான் காரிடாரில் நிற்க வேண்டும். தாங்கள் எல்லை ஸ்டேஷனான பியெலோ போல்யே வரை வந்து அங்கே ஏறி என்னோடு நிற்பதாகப் போன ஞாயிறே முடிவாகிவிட்டதாம். ஆகவே மேலே கேட்ட கேள்வி எதற்கும் பதில் வேண்டாம்.

ஒரே ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. பாலம் வரும்போது அவளை எழுப்புவதா, வேண்டாமா? நேரே கேட்டேன். "எழுப்பித்தான் பாருங்களேன்" என்கிறாள். இதற்கு எழுப்பு என்று அர்த்தமா, எழுப்பாதே என்று அர்த்தமா? அவளை என்னைவிட அதிக காலமாகத் தெரிந்தவர் தாங்கள்தான். தயவுசெய்து இதற்கு மட்டும் மறு தபாலில் எழுதவும்.